நிலவில் ஓர் இரவு: 354 மணித்தியால இருட்டும் 1839 இன் ஒரு கண்ணாடிக் குழாயும்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஓ.எல். படிக்கும் பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள். கடைசியில் அவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நிலவில் ஓர் இரவு எத்தனை மணித்தியாலம் என்று வகுப்பில் கேட்டால், "12 மணித்தியாலம் சேர்" என்றுதான் பல பிள்ளைகள் சொல்வார்கள். நம்முடைய மணிக்கூட்டின்படி அது சுமார் 354 மணித்தியாலம். நாள் கணக்கில் பதினான்கே முக்கால் நாள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதல்ல. பிறை பார்த்து மாதம் தொடங்கும் நமக்கு ஒரு மாதம் 29 அல்லது 30 நாள் என்பது சிறு வயதிலிருந்தே தெரியும். ஒரு தலைப்பிறையிலிருந்து அடுத்த தலைப்பிறைக்குச் சராசரியாக 29.5 நாள். அந்த 29.5 நாள்தான் நிலவுக்கு ஒரு முழு நாள். அதில் பாதி பகல், பாதி இரவு. பெருநாள் நாளைக்கா நாளை மறுநாளைக்கா என்று நம்மைக் காத்திருக்க வைக்கும் அதே சுழற்சிதான், நிலவில் இறங்குகின்ற ஒவ்வோர் இயந்திரத்தையும் இரண்டு கிழமை இருட்டுக்குள் தள்ளுகிறது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். இன்வேர்ட்டர் வைத்திருந்த வீடுகளிலும் பற்றரி இடையில் நின்றுவிட்டது. நிலவில் அந்த இருட்டு 354 மணித்தியாலம். பகலில் நிலவின் நடுக்கோட்டுப் பகுதி 120 பாகை செல்சியஸ் வரை சூடேறும். இரவில் அதே நிலம் மறை 130 பாகைக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் பற்றரி உறையும், கணினியின் பற்றாசுகள் விட்டுப்போகும். 2023 ஓகஸ்ட் 23 அன்று இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கியதை நாமெல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு நிலவுப் பகல் முழுக்க அது நன்றாக வேலை செய்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் அதைத் தூங்க வைத்தார்கள். செப்டெம்பர் 22 அன்று மறுபடி சூரியன் வந்தபின் எழுப்பிப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. ஒரு பகலுக்கென்றே செய்யப்பட்ட கலம் அது, தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அதைக் கொன்றது இரவுதான்.

மனிதன் நிலவில் தங்கி வாழப் போகிறான் என்றால் முதலில் அந்த இரவைக் கடக்க வேண்டும். அதற்கு இன்றைய பொறியியலாளர்கள் கையில் எடுத்திருக்கும் பொருட்களில் ஒன்றுக்கு வயது 180 க்கும் மேல். எரிபொருள் கலம் என்பது அதன் பெயர். அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன். காரணம், "இந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன், ஸ்கோப் இருக்கா?" என்ற கேள்வி நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படுகிறது. இந்தக் கதை அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

*பிரித்ததைச் சேர்த்துப் பார்த்த சட்டத்தரணி*

தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். மின்பகுப்பு என்று ஓ.எல். விஞ்ஞானத்தில் படிக்கிறோம். இந்தப் பரிசோதனை 1800 ஆம் ஆண்டிலேயே செய்யப்பட்டுவிட்டது.

வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் 1811 இல் பிறந்த வில்லியம் குரோவ் தொழிலால் ஒரு சட்டத்தரணி, பிற்காலத்தில் நீதிபதி. விஞ்ஞானம் அவருடைய விருப்பம். அவர் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் இரண்டு வாயுவாகப் பிரிகிறது என்றால், அந்த இரண்டு வாயுவையும் திரும்பச் சேரவிட்டால் மின்சாரம் கிடைக்குமா?

கிடைத்தது. ஐதான கந்தக அமிலத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கவிழ்த்து, ஒன்றில் ஐதரசனும் மற்றதில் ஒட்சிசனும் வைத்து, இரண்டுக்குள்ளும் பிளாற்றினத் தகடு போட்டார். வெளியே கம்பியால் இணைத்ததும் மின்னோட்டம் பாய்ந்தது. குழாய்க்குள் வாயு மெல்ல மெல்லக் குறைந்தது. அதாவது அது தண்ணீராக மாறிக்கொண்டிருந்தது. இது 1839 இல் வெளிவந்தது. அதே காலத்தில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற பேராசிரியரும் இதே விளைவைக் கவனித்து எழுதியிருந்தார்.

1842 இல் குரோவ் ஒரு படி மேலே போனார். இப்படிப்பட்ட குழாய்கள் பலவற்றைத் தொடராக இணைத்தார். அதிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டே இன்னொரு பாத்திரத்துத் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கம் வாயு சேர்ந்து தண்ணீர் ஆகிறது, மறுபக்கம் தண்ணீர் பிரிந்து வாயு ஆகிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் கடைசியில் இது திரும்பவும் வரும்.

ஆனால் அன்றைக்கு இதற்கு எந்தப் பயனும் இல்லை. பிளாற்றினம் தங்கம் போல விலை கூடியது. வந்த மின்சாரமோ சொற்பம். சில பத்தாண்டுகளில் டைனமோ வந்தது. நீராவி எஞ்சினைச் சுழற்றி நிலக்கரியிலிருந்து மலிவாக மின்சாரம் எடுக்கலாம் என்று ஆனபின், குரோவின் குழாய்கள் விரிவுரை மண்டபத்தில் காட்டும் வேடிக்கையாக நின்றுவிட்டன. இடையில் சிலர் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ 90 வருடம் அப்படியே போனது.

*வேலையை விட்ட பொறியியலாளர்*

அடுத்து வருபவர் பிரான்சிஸ் தோமஸ் பேக்கன். பெயரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அது இங்கிலாந்தில் ஒரு பழைய பரம்பரைப் பெயர்! 1904 இல் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தார். நியூகாசலில் நீராவிச் சுழலிகள் செய்யும் பார்சன்ஸ் நிறுவனத்தில் வேலை.

1932 இல் ஒரு பொறியியல் சஞ்சிகையில் ஐதரசனைப் பற்றி வந்த கட்டுரை அவருடைய கண்ணில் பட்டது. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசனாகச் சேமிக்கலாம் என்பது அதன் யோசனை. பேக்கன் யோசித்தார்: சேமித்த ஐதரசனை எஞ்சினில் எரித்து, சுழற்றி, பிறகு மின்சாரம் ஆக்குவது ஏன்? நேரடியாகவே மின்சாரம் ஆக்கினால் என்ன?

அவர் இரண்டு பெரிய மாற்றங்கள் செய்தார். அமிலத்துக்குப் பதிலாகக் காரம், அதாவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். பிளாற்றினத்துக்குப் பதிலாக நிக்கல். நிக்கல் மலிவு, ஆனால் மந்தம். அதை வேலை வாங்க வெப்பநிலையை 200 பாகை அளவுக்கு உயர்த்த வேண்டும். அந்த வெப்பத்தில் கரைசல் கொதித்துப் போகாமல் இருக்கப் பெரும் அமுக்கம் வேண்டும். கொதிக்கும் காரம், அமுக்கத்தில் ஐதரசன், பக்கத்தில் ஒட்சிசன். ஆபத்தான வேலைதான்.

பேக்கன் இந்தப் பரிசோதனையை வேலைத்தலத்திலேயே யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தார். விடயம் வெளியே வந்தபோது நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது: ஒன்று பரிசோதனையை நிறுத்து, அல்லது வேலையை விடு. அவர் 1940 இல் வேலையை விட்டார். நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் வசதியான குடும்பத்தவர், சம்பளம் இல்லாமலும் அடுப்பு எரியும். எல்லோராலும் இப்படி முடியாது. ஆனால் வசதியுள்ள எல்லோரும் இப்படிச் செய்வதும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவி வேலைக்கு மாறினார். போர் முடிந்து 1946 இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து திரும்பவும் கலத்தைக் கையில் எடுத்தார். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு, ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு என்று வருடங்கள் ஓடின.

இங்கே இரண்டு பிரச்சினைகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கதையின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. முதலாவது: மின்வாய் நுண்துளையுள்ளதாக இருக்க வேண்டும், வாயுவும் கரைசலும் அந்தத் துளைக்குள் சந்திக்க வேண்டும். கரைசல் கூடினால் துளை நிரம்பிவிடும், வாயு கூடினால் கரைசலுக்குள் குமிழிவிடும். பேக்கன் நிக்கல் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்து இரண்டு படைகளாகத் தகடு செய்தார். கரைசல் பக்கம் சிறிய துளைகள், வாயுப் பக்கம் பெரிய துளைகள். சிறிய துளை கரைசலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பெரிய துளை வாயுவுக்கு வழிவிடும். நடுவில் இரண்டும் சந்திக்கும்.

இரண்டாவது: ஒட்சிசன் பக்கத்து நிக்கல் அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு இலிதியம் சேர்த்து, நிக்கலின் மேற்பரப்பை முதலிலேயே ஒட்சைட்டாக மாற்றிவிட்டால், அந்தப் படையே பாதுகாப்பாகவும் இருக்கும், மின்சாரத்தையும் கடத்தும் என்று கண்டுபிடித்தார்கள்.

1959 ஓகஸ்டில் கேம்பிரிட்ஜில் 40 கலங்கள் கொண்ட தொகுதி ஒன்றை எல்லோருக்கும் முன்னால் இயக்கிக் காட்டினார். சுமார் 6 கிலோவாற்று. பாரந்தூக்கி வண்டி ஓடியது, வட்ட வாள் மரம் அறுத்தது, வெல்டிங் செய்தார்கள். 1932 இல் கட்டுரை வாசித்தவர் 1959 இல் காட்டினார். 27 வருடம்.

அதற்குப் பிறகும் பிரித்தானியாவில் பெரிய ஆர்வம் காட்டியவர்கள் இல்லை. நிலக்கரி மலிவு, எண்ணெய் மலிவு. இதை யார் வாங்குவது?

*எடைக்கு விலை வந்தபோது*

1961 இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, பத்தாண்டு முடியுமுன் மனிதனை நிலவுக்கு அனுப்புவோம் என்று அறிவித்தார். உடனே ஒரு சாதாரணக் கேள்வி எழுந்தது: எட்டு முதல் பன்னிரண்டு நாள் பயணம், மூன்று மனிதர், அவர்களுக்குக் கரண்ட் எங்கிருந்து? அவ்வளவு நாளுக்கும் பற்றரி கொண்டு போனால் எடை தாங்காது. விண்ணில் விலை என்பது டொலரில் அல்ல, கிலோகிராமில்.

இங்கேதான் கணக்கு திரும்பியது. பூமியில் மிக விலையுயர்ந்ததாகத் தெரிந்த கலம், விண்ணில் மிக இலேசானதாகத் தெரிந்தது. ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது ஒரு கிலோகிராமில் கிடைக்கும் சக்தி, எந்தப் பற்றரியையும் விடப் பல மடங்கு. அதோடு இன்னொரு வரவு: வெளியே வரும் கழிவு, குடிக்கும் தண்ணீர். ஒரு கிலோகிராம் ஐதரசனும் எட்டுக் கிலோகிராம் ஒட்சிசனும் சேர்ந்தால் ஒன்பது கிலோகிராம் தண்ணீர். ஒரே பானையில் கரண்டும் தண்ணீரும்.

அமெரிக்காவின் பிராட் அண்ட் விற்னி நிறுவனம் பேக்கனின் காப்புரிமையைப் பெற்று அப்பலோவுக்கான கலத்தைச் செய்தது. பேக்கனின் பெரும் அமுக்கத்தைத் தாங்கும் சுவர்கள் பாரமானவை. அதனால் அமுக்கத்தைக் குறைத்து, காரத்தை மிகச் செறிவாக்கினார்கள். அந்தக் காரம் அறை வெப்பநிலையில் கட்டியாக இருக்கும், சூடாக்கினால்தான் திரவமாகும். ஒரு தொகுதியில் 31 கலங்கள். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ ஒரு வோல்ற்று கொடுக்க, மொத்தம் 27 முதல் 31 வோல்ற்று. ஒரு தொகுதியின் எடை சுமார் 110 கிலோகிராம். அப்படி மூன்று தொகுதிகள் கலத்தின் சேவைப் பகுதிக்குள் வைக்கப்பட்டன. வழமையாக ஒவ்வொன்றும் 563 முதல் 1420 வாற்று வரை கொடுக்கும். நம் வீட்டு மின்கேத்தல் ஒன்று 1500 முதல் 2000 வாற்று எடுக்கும். மூன்றும் சேர்ந்து இரண்டு கேத்தல் சூடாக்கும் அளவு மின்சாரத்தில் மனிதன் நிலவுக்குப் போய் வந்தான்.

அதற்கு முன் 1965 ஓகஸ்டில் ஜெமினி 5 பயணத்தில், மனிதர் சென்ற விண்கலத்தில் முதன்முதலாக எரிபொருள் கலம் பறந்தது. அது ஜெனரல் இலெக்றிக் நிறுவனம் செய்த வேறு வகை: காரக் கரைசலுக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்ரிக் போன்ற ஒரு சவ்வு. போன சில மணித்தியாலத்திலேயே ஒட்சிசன் தாங்கியின் வெப்பமாக்கி பழுதாகி, அமுக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. திரும்பி வரச் சொல்லலாமா என்று யோசித்தார்கள். குறைந்த அமுக்கத்திலும் கலம் ஓடும் என்று தரையில் பரிசோதித்துப் பார்த்துத் தொடர்ந்தார்கள். கூப்பரும் கொன்ராட்டும் எட்டு நாள் முடித்துத்தான் இறங்கினார்கள்.

1969 ஜூலையில் அப்பலோ 11. பின்னர் இங்கிலாந்துப் பிரதமரின் இல்லத்தில் நடந்த வரவேற்பில் ஆம்ஸ்ட்ரோங்கும் தோழர்களும் பேக்கனைச் சந்தித்து, நிலவுப் படமொன்றில் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் நிலவுக்குப் போயிருக்க மாட்டோம் என்ற கருத்தில் ஜனாதிபதி நிக்சன் அவரிடம் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. 1940 இல் வேலையை விட்ட மனிதர்!

*பானை உடைந்த நாள்*

ஒரே பானையில் இரண்டும் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பானை உடைந்தால் இரண்டும் போகும்.

1970 ஏப்ரல் 11 அன்று அப்பலோ 13 புறப்பட்டது. ஜிம் லவல், ஜாக் சுவிகேட், பிரெட் ஹேய்ஸ். புறப்பட்டு 56 மணித்தியாலம் அளவில், பூமியிலிருந்து 3 இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால், இரண்டாம் இலக்க ஒட்சிசன் தாங்கி வெடித்தது. வெடிப்பு முதலாம் தாங்கியையும் கசிய வைத்தது. கலங்களில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் ஒட்சிசன் இல்லாமல் அவை என்ன செய்யும்? மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. கரண்ட் போனது. மூச்சுவிடும் ஒட்சிசனும் அதே தாங்கியில்தான். தண்ணீரும் அதே கலத்திலிருந்துதான்.

மூவரும் நிலவில் இறங்குவதற்கென்று இருந்த சிறிய கலத்துக்குள் புகுந்தார்கள். அது இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்குச் செய்யப்பட்டது. மூன்று பேரை நான்கு நாள் காத்தது. அதில் எரிபொருள் கலம் இல்லை, பற்றரிதான். அதனால் புதிய தண்ணீர் பிறக்காது. இருக்கும் தண்ணீரோ கருவிகளைக் குளிராக்கவும் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் என்று பங்கிட்டார்கள். ஒரு தேநீர்க் கோப்பை அளவு. லவல் மட்டும் ஆறு கிலோகிராமுக்கு மேல் மெலிந்தார். ஹேய்ஸுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. கலத்துக்குள் குளிர் 3 பாகைக்கு இறங்கியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள்.

விசாரணையில் காரணம் தெரிந்தது. தாங்கிக்குள் இருந்த வெப்பமாக்கியின் ஆளி 28 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. பிறகு ஏவுதளத்தில் 65 வோல்ற்று கொடுப்பது என்று மாற்றினார்கள். ஆளியை மாற்ற மறந்தார்கள். ஏவுவதற்கு முன் தாங்கியை வெறுமையாக்க வெப்பமாக்கியைப் பல மணித்தியாலம் போட்டபோது ஆளி உருகி ஒட்டிக்கொண்டது. உள்ளே வயரின் உறை கருகியது. மிகுதி விண்ணில் நடந்தது. பெரிய பெரிய சூத்திரங்களில் யாரும் பிழைவிடவில்லை. ஒரு சிறிய ஆளியின் வோல்ற்றளவு. அலகையும் அளவையும் சரியாக எழுதச் சொல்லி விஞ்ஞான ஆசிரியர்கள் ஏன் பிள்ளைகளுக்குத் தொல்லை தருகிறோம் என்பது இப்போது விளங்கும்!

அடுத்த பயணத்தில் மூன்றாவது ஒட்சிசன் தாங்கி ஒன்றைத் தனியாக வேறு இடத்தில் வைத்தார்கள். அவசரத்துக்கு ஒரு பெரிய பற்றரியும் சேர்த்தார்கள்.

*நிலவின் வாசல் வரை மட்டும்*

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எரிபொருள் கலம் மனிதனை நிலவைச் சுற்றும் பாதை வரை கொண்டு போனது. நிலவின் தரையில் அது கால் வைக்கவே இல்லை.

இறங்கு கலத்துக்கும் முதலில் எரிபொருள் கலம்தான் யோசித்தார்கள். 1965 இல் அதை மாற்றி வெள்ளி-நாகப் பற்றரி போட்டார்கள். குறுகிய நேரத்துக்குப் பற்றரி எளிது, குழாய் இல்லை, தாங்கி இல்லை. ஓட்டித் திரிந்த நிலவு வண்டிக்கும் பற்றரிதான். அப்பலோ 11 நிலவில் இருந்தது 21 மணித்தியாலம் சொச்சம். கடைசியாக 1972 டிசம்பரில் போன அப்பலோ 17 கூட 75 மணித்தியாலம். எல்லோரும் நிலவின் காலைப் பொழுதில் இறங்கி, பகலிலேயே புறப்பட்டு வந்துவிட்டார்கள். நிலவின் இரவை அதன் தரையில் கழித்த மனிதன் இன்றுவரை ஒருவரும் இல்லை.

விட்டு வந்த கருவிகளின் கதையே இதற்குச் சாட்சி. அப்பலோ 11 வைத்த நிலநடுக்கமானி சூரியத் தகட்டில் ஓடியது, சில கிழமைகளில் அடங்கிவிட்டது. அப்பலோ 12 இலிருந்து புளுட்டோனியத்தின் வெப்பத்தில் ஓடும் சிறு மின்பிறப்பாக்கி வைத்தார்கள். சுமார் 70 வாற்று, ஆனால் இரவு பகல் பாராமல் ஓடியது. 1977 செப்டெம்பர் 30 அன்று பூமியிலிருந்து நிறுத்தும் வரை அக்கருவிகள் இயங்கின. சோவியத்தின் லூனகோட் வண்டி இரவில் மூடியை மூடிக்கொண்டு பொலோனியத்தின் சூட்டில் கிடந்து, பகலில் எழும்பி ஓடியது. கருவிக்கு 70 வாற்று போதும். மனிதன் தங்கும் வீட்டுக்குப் போதாது.

*குரோவின் இரண்டு பரிசோதனையும் ஒரே பெட்டியில்*

ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைகளே, பென்சில் எடுங்கள்.

நிலவு இரவு முழுக்க ஒரு கிலோவாற்று வேண்டும் என்று வைப்போம். ஒரு கேத்தலுக்கும் குறைவு. 354 மணித்தியாலத்துக்கு 354 கிலோவாற்று மணி. நல்ல இலிதியம் பற்றரி ஒரு கிலோகிராமில் சுமார் 0.2 கிலோவாற்று மணி பிடிக்கும். அப்படியென்றால் வேண்டிய பற்றரி 1770 கிலோகிராம். ஒரு காரின் எடையை விடக் கூட. ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போதோ, ஒரு கிலோகிராம் தண்ணீர் உருவாக நடைமுறையில் சுமார் 2 கிலோவாற்று மணி எடுக்கலாம். அப்போது வேண்டியது 177 கிலோகிராம் வாயு. தாங்கி, குழாய், இயந்திரம் எல்லாம் சேர்த்தாலும் இரவு நீள நீள இந்த வழிதான் இலேசு. குறுகிய நேரத்துக்குப் பற்றரி, நீண்ட இரவுக்கு எரிபொருள் கலம்.

அந்த 177 கிலோகிராமை ஒவ்வோர் இரவுக்கும் பூமியிலிருந்து அனுப்பவும் தேவையில்லை. இரவில் உருவான தண்ணீரைச் சேர்த்து வைத்து, அடுத்த இரண்டு கிழமைப் பகலில் சூரியத் தகட்டு மின்சாரத்தால் திரும்பப் பிரிக்கலாம். வாயுவைத் தாங்கியில் நிரப்பலாம். இரவில் மறுபடி சேர்க்கலாம். அதே தண்ணீர், சுற்றிச் சுற்றி. 1842 இல் குரோவ் மேசை மேல் காட்டிய இரண்டு பரிசோதனையும் ஒரே பெட்டிக்குள். இதை மீளாக்க எரிபொருள் கலம் என்கிறார்கள்.

கொடுத்த சக்தியில் சுமார் பாதி வெப்பமாக வீணாகும் என்பது இதன் குறை. ஆனால் அந்த வீண் வெப்பத்தில் ஒரு பெரும் பங்கு இரவில், கலம் ஓடும்போது வருகிறது. மறை 130 பாகைக் குளிரில் அது வீணா? வீட்டைச் சூடாக வைத்திருப்பதே அதுதான்.

வேலை இன்னும் முடியவில்லை. ஈர்ப்பு ஆறில் ஒன்றாக இருக்கும் இடத்தில் வாயுவையும் தண்ணீரையும் பிரித்தெடுப்பது, குழாயில் தண்ணீர் உறையாமல் காப்பது, அமுக்கத்தில் உள்ள ஒட்சிசன் எதையும் பற்றவைக்காமல் பார்ப்பது, யாரும் போய்த் திருத்த முடியாத இடத்தில் வருடக்கணக்காக ஓடுவது. நாசாவின் ஒகாயோ மாநில ஆய்வுகூடத்தில் இதற்கு வேலை செய்கிறார்கள். ஜப்பானில் ரொயோட்டா நிறுவனம், மனிதர் உள்ளே வாழக்கூடிய நிலவு வண்டியை இந்த முறையில் வடிவமைக்கிறது. இரண்டு பேர் விண்ணுடை இல்லாமல் அதற்குள் 30 நாள் வரை இருக்கலாம் என்பது திட்டம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவும் ஜப்பானும் அந்த வண்டிக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. சிறு அணு உலை வைப்போம் என்ற போட்டித் திட்டமும் இருக்கிறது. எது முந்தும் என்பது போகப் போகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. இப்போது செய்யப்படுபவை பெரும்பாலும் பேக்கனின் காரக் கலம் அல்ல, அப்பலோவில் இடம் கிடைக்காமல் போன அந்தச் சவ்வு வகை. அன்று சவ்வு சீக்கிரம் பழுதாகும், வரும் தண்ணீரைக் குடிக்கவும் முடியாது. பிறகு நல்ல சவ்வு வந்தது, நிலைமை மாறியது. ஒதுக்கப்பட்டது என்றால் முடிந்துபோனது என்று அர்த்தம் இல்லை.

*"ஸ்கோப் இருக்கா?"*

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு வருமானம் தரும் படிப்பு வேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. வீட்டுக் கஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை ஏதாவது ஒன்றில் ஆசையாகக் கேள்வி கேட்கும்போது, "இது சோதினைக்கு வருமா, இதில் தொழில் இருக்கா" என்று உடனே வாயடைத்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

1839 இல் யாராவது குரோவிடம் ஸ்கோப் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. 1940 இல் பேக்கனிடம் கேட்டார்கள், அவரிடமும் பதில் இருக்கவில்லை. பதில் 1969 இல்தான் வந்தது. முழுப் பதில் இன்னும் வரவே இல்லை, அது நிலவின் முதலாவது இரவைக் கடக்கும் மனிதரோடு வரும். அந்தப் பெட்டியில் இன்னும் தீராத சிக்கல்களில் ஒன்றை, இன்று தரம் 9 இல் இருக்கும் ஒரு பிள்ளை தீர்க்கலாம். அது நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கான வேலை இது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரையுங்கள். உப்புப் போட வேண்டாம், குளோரின் வரும். இரண்டு பென்சிலை இரு முனையும் சீவி, ஒரு கட்டித்தாளில் குத்தித் தண்ணீருக்குள் இறக்குங்கள். மேல் முனைகளை 9 வோல்ற்றுப் பற்றரியோடு கம்பியால் இணையுங்கள். சுவர் மின்சாரத்தைத் தொடவே கூடாது. இரண்டு பென்சிலிலும் குமிழி வரும். எதில் கூட வருகிறது, ஏன் என்று எழுதுங்கள்.

இரண்டு நிமிடம் சென்று பற்றரியைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளை ஒரு வோல்ற்றுமானியில் இணைத்துப் பாருங்கள். பற்றரி இல்லை, ஆனாலும் முள் அசையும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் பார்ப்பது, 1839 இல் குரோவ் பார்த்தது.

செய்தவர்கள் கீழே கொமென்ட்டில் எத்தனை வோல்ற்று வந்தது என்று போடுங்கள். அலகோடு எழுதுங்கள்!